"நம்ம வீட்டு நாய்தானே டாக்டர்!"

மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். கோபத்துல எழுதுறேன், வார்த்தை முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

நாய்னாலே பிடிக்காதவங்க உடனே கைதட்ட வேண்டாம். நாய்ப் பிரியர்கள் உடனே பிளாக் பண்ண வேண்டாம். என் வீட்டிலேயே 36 கிலோவில் ஒருத்தன் இருக்கான். பேரு தடியன். பாதி லேப்ரடார், கால்வாசி அல்சேஷன், மிச்சம் எங்க தெரு. அவனைப் பற்றியும் கடைசியில் சொல்றேன்.

முதல்ல போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது.

ஆறு வயசுப் பெண் குழந்தை. வலது கன்னத்தில் இரண்டு ஆழமான பல் தடம், காதுக்குக் கீழே ஒரு கிழிசல். கடிச்சது முந்தின நாள் சாயங்காலம். காயத்து மேல மஞ்சளும் காப்பித்தூளும் அப்பி வெச்சிருந்தாங்க. சோப்பு போட்டுக் கழுவினீங்களான்னு கேட்டேன். "தண்ணியில துடைச்சோம் சார்"னு பதில்.

ஏன் ராத்திரியே வரல?

"தெரு நாய் இல்ல டாக்டர், நம்ம வீட்டு நாய்தானே."

இந்த ஒரு வாக்கியத்தை வாரத்துக்கு எத்தனை தடவை கேட்கிறேன்னு எனக்கே கணக்கில்லை. ரேபீஸ் கிருமிக்கு ரேஷன் கார்டு பார்க்கத் தெரியாது. உங்க நாய் ராத்திரி கேட்டைத் தாண்டி தெரு நாயோடு சண்டை போட்டுட்டு வந்தது உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். மொட்டைமாடியில் ஒரு கீரி வந்து கடிச்சுட்டுப் போனது தெரியாம இருக்கலாம். ரேபீஸ் நோயின் அறிகுறி ஒரு மனுஷனுக்கு வந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் எங்க கையில் மருந்து கிடையாது. ஏறக்குறைய நூறு சதவீதம் மரணம். அறிகுறி வர்றதுக்கு முன்னாடி வந்தா, ஏறக்குறைய முழுசா தடுக்கலாம். இவ்வளவு பளிச்சுனு கோடு போட்ட நோய் மருத்துவத்திலேயே ரொம்பக் குறைவு.

நாய்க்கு ஊசி போட்டீங்களா?

"குட்டியா இருக்கும்போது போட்டோம்."

நாய்க்கு இப்ப வயசு மூணரை. குட்டியில் போட்ட ஒரு ஊசி ஆயுசுக்கும் காப்பாத்தும்னு யார் சொன்னது? மூணு மாசத்தில் முதல் ரேபீஸ் ஊசி, அப்புறம் பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம். இதைத்தான் கால்நடை மருத்துவர் புக்கில் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த புக் எங்கேன்னு கேட்டா பாதி வீட்டில் பதில் வராது.

சரி, இனிமேதான் விஷயம். நாய் எங்கேன்னு கேட்டேன்.

அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அம்மாதான் சொன்னாங்க. கடிச்ச கோபத்தில் அன்னைக்கு ராத்திரியே லோடு ஆட்டோவில் ஏத்தி பைபாஸ் பக்கம் விட்டுட்டு வந்துட்டாராம்.

என்ன பண்ணியிருக்கார் பாருங்க. கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்றோமே, அது சும்மா சம்பிரதாயம் இல்லை. ரேபீஸ் வந்த நாயின் எச்சிலில் கிருமி வர்றது அறிகுறி தெரியறதுக்குச் சில நாள் முன்னாடிதான். அதுக்கப்புறம் அந்த நாய் சீக்கிரமே செத்துடும். அதனால கடிச்ச நாய் 10 நாள் கழிச்சும் நல்லா சாப்பிட்டு வாலாட்டிட்டு இருந்தா, கடிச்ச அன்னைக்கு அதோட எச்சிலில் கிருமி இல்லைன்னு நிம்மதியா இருக்கலாம். அந்த ஒரே ஆதாரத்தைத்தான் ஆட்டோவில் ஏத்தி அனுப்பிட்டார். நாய்க்கு நோய் இல்லைன்னா, பசியோட ஒரு பெரிய நாய் ஹைவேயில். நோய் இருந்துச்சுன்னா, பைபாஸ் பக்கத்து ஊர்க் குழந்தைகளை யார் காப்பாத்துறது?

அந்தக் குழந்தைக்கு முகத்தில் கடி, மூன்றாம் வகை. காயத்தை ஓடும் தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவினோம். கடிச்ச உடனே வீட்டிலேயே செய்திருக்க வேண்டியது இது. அப்புறம் இம்யூனோகுளோபுலின். அது கையில் போடுற ஊசி இல்லைங்க. காயத்துக்குள்ளேயும் காயத்தைச் சுற்றியும் செலுத்தணும். ஆறு வயசுக் குழந்தையின் கன்னத்தில், காதோரத்தில், திரும்பத் திரும்ப ஊசி. ரெண்டு செவிலியர்கள் பிடிச்சுக்கிட்டாங்க. அப்பா வெளியே போயிட்டார். அந்த அலறல் இதை எழுதும்போதும் காதில் கேட்குது. அப்புறம் தடுப்பூசி: 0, 3, 7, 28ஆம் நாட்களில் இரண்டு கையிலும். அரசு மருத்துவமனையில் இதெல்லாம் இலவசம். இலவசம்ங்கிறதால அந்த வலி குறையாது.

நாய் ஏன் கடிச்சது? அந்த அம்மா யோசிக்காம சொன்ன ஒரு வரி: "ஒரு வாரமா காதைச் சொறிஞ்சுக்கிட்டே, தலையை உதறிக்கிட்டே இருந்துச்சு. இவ போய் காதைப் பிடிச்சு இழுத்துட்டா."

எனக்கு எம்.பி.பி.எஸ். தான், நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆனா காது சீழ் பிடிச்ச ஒரு மனுஷனின் காதை இழுத்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். தொங்கு காது நாய்களுக்கு, அதுவும் லேப் கிராஸ்களுக்கு, காதுத் தொற்று சர்வ சாதாரணம். நம்ம ஊர் ஈரக் காத்து வேற. வாரம் ஒரு தடவை காதைத் தூக்கிப் பார்த்திருந்தா, நாத்தம் அடிக்குதேன்னு கூட்டிட்டுப் போயிருந்தா, அந்தக் குழந்தை கன்னத்தில் தழும்பு இருந்திருக்காது.

இப்ப உங்ககிட்ட வரேன். பெரிய நாய் வாங்கலாம்னு இருக்கிற உங்ககிட்ட.

ஏன் வாங்குறீங்க? "வீட்டுக்குக் காவல்"னு சொல்வீங்க. 45 நாள் குட்டியை "ராட்வைலர் கிராஸ் சார், ஜெர்மன் ஷெப்பர்ட் கிராஸ் சார், ராஜபாளையம் கிராஸ் சார்"னு ஒருத்தர் கூடையில் கொண்டு வருவார். பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். குழந்தைங்க குதிக்கும். எட்டு மாசத்தில் அது 30 கிலோ. உடம்பு பெரியாளு, மூளை இன்னும் எல்.கே.ஜி. பெரிய ஜாதி நாய்களுக்கு மனசு முதிர்ச்சி அடைய ஒன்றரை, ரெண்டு வருஷம் கூட ஆகும். அந்த நேரத்தில்தான் அது ஆளு மேல தாவும், செருப்பைக் கடிக்கும், பாட்டியைத் தள்ளிவிடும். அந்த நேரத்தில்தான் நீங்க சங்கிலி வாங்குவீங்க.

மொட்டைமாடி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நாலடி சங்கிலி. ஒரு அலுமினியச் சட்டியில் தயிர்சாதம். மே மாசத்தில் வேலூரிலோ மதுரையிலோ அந்தத் தரையில் செருப்பில்லாம உங்களால் ஒரு நிமிஷம் நிற்க முடியுமா? நமக்கு வேர்க்கிற மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும். மத்தியானம் மூணு மணிக்கு வாயில் நுரையோட விழுந்து கிடக்கும். நீங்க "வெறி பிடிச்சிருச்சு"ம்பீங்க.

நாள் முழுக்கக் கட்டியே வெச்சு வளர்த்த நாய்க்குக் காவல் காக்கத் தெரியாது. பயப்பட மட்டும்தான் தெரியும். மனுஷங்க யாருன்னே பழகாத, ஓடவும் வழியில்லாத ஒரு மிருகம் பயந்தா அதுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை பல்லைக் காட்டுறது. சங்கிலி அறுந்த அன்னைக்கு முதல்ல மாட்டுறது திருடன் இல்லை. பால் போடுற பையன், பக்கத்து வீட்டுக் குழந்தை.

இதைப் பற்றிச் சட்டம் இருக்கு தெரியுமா? 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம்னு தனியாவே எழுதி வெச்சிருக்காங்க. பட்டினியில் சாகும்படி கைவிட்டுட்டு வர்றதும் குற்றம். தண்டனை? முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். ரெண்டு டீ, ரெண்டு வடை காசு. (சிரிக்காதீங்க, உண்மை.) உங்க நாய் அடுத்தவரைக் கடிச்சா அது வேற கணக்கு. அலட்சியமா விட்டதுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாசம் வரை ஜெயில் இருக்கு.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயசுக் குழந்தையை ரெண்டு ராட்வைலர்கள் குதறியது ஞாபகம் இருக்கும். உடனே எல்லாரும் "இந்த இனத்தைத் தடை பண்ணு"ன்னாங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் 23 வகை நாய்களையும் அவற்றின் கலப்பினங்களையும் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, அடுத்த மாசமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செஞ்சிருந்தது. பெரிய தாடை பெரிய காயம் பண்ணும், அதை நான் மறுக்கல. ஆனா கலப்பின நாயில் எந்த இனம் எத்தனை பங்குன்னு யார் அளக்கிறது? என் ஓ.பி.க்கு வர்ற கடிகளில் லேப் கிராஸ் இருக்கு, பொமரேனியன் இருக்கு, சிப்பிப்பாறை இருக்கு. எல்லாத்துலேயும் இருக்கிற பொதுவான விஷயம், கயிற்றின் இந்த முனையில் யாரும் இல்லை.

இன்னும் ரெண்டு மூணு விஷயம், ஒரு மருத்துவனா என் வயித்தெரிச்சல்.

நாய்க்குக் காய்ச்சல்னு வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் கொடுக்காதீங்க. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். "டாக்டர், நாய்க்கு எத்தனை மில்லி?"னு எனக்கு வாட்ஸ்ஆப் போடாதீங்க. அரசு கால்நடை மருத்துவமனை உங்க ஊர்ப் பக்கத்திலேயே இருக்கு, அங்க போங்க. எலும்பு பலமாகும்னு பெரிய ஜாதிக் குட்டிக்கு நீங்களா கால்சியம் டானிக் ஊத்தாதீங்க. வளர்ற பெரிய நாய்க்குக் கால்சியம் அதிகமானா எலும்பு கோணலாகத்தான் வளரும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூணும் நாய்க்கு விஷம். பிரியாணி மிச்சத்தில் முதல் ரெண்டில் ஒண்ணு நிச்சயம் இருக்கும். திடீர்னு வயிறு உப்பி, வாந்தி வர்ற மாதிரி குமட்டி ஒண்ணும் வராம தவிச்சா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கும். சில மணி நேரத்தில் போயிடும்.

தடியன் கதைக்கு வரேன்னு சொன்னேன்ல.

அவன் வந்த புதுசில் எனக்கு 24 மணி நேர டியூட்டி. காலையில் கட்டிப் போட்டுட்டுப் போவேன், மறுநாள் காலையில் வருவேன். அம்மா சாப்பாடு வைப்பாங்க, பயத்தில் தூரத்திலேர்ந்து தட்டைத் தள்ளிவிடுவாங்க. பத்தாவது மாசம் அவன் அம்மாவைப் பார்த்து உறுமினான். மேலே சொன்ன அத்தனை தப்பையும் நான் பண்ணியிருந்தேன். படிச்ச திமிர்ல கால்நடை மருத்துவர்கிட்ட "இவனுக்கு என்ன பிரச்சினை?"னு கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நடத்துறீங்க?"னார். நான் வாயைத் திறக்கல.

இப்ப காலையில் 45 நிமிஷம், ராத்திரி 45 நிமிஷம். நான் இல்லாத நாளில் தம்பி. கருத்தடை பண்ணியாச்சு. தட்டுல கை வெச்சாலும் உறுமாத அளவுக்குக் கையால ஊட்டிப் பழக்கினது அம்மாதான். ஆனாலும் அக்கா குழந்தைங்க வந்தா அவனையும் அவங்களையும் தனியா விடமாட்டேன். ஒரு நிமிஷம்கூட. அவன் சாப்பிடும்போது, தூங்கும்போது யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். சின்னக் குழந்தையோட முகம் பெரிய நாயோட வாய்க்கு நேரா இருக்குங்க. அவன் நல்லவன்தான். எனக்கு இம்யூனோகுளோபுலின் போடத் தெரியும், அதனாலதான் பயம்.

தினம் ஒன்றரை மணி நேரம் நடத்த ஆளில்லையா? பெரிய நாய் வேண்டாம். ரெண்டு லவ்பேர்ட்ஸ் வளர்க்கிறதும் வேண்டாம், அது வேற பாவம். செடி வையுங்க.

ஏற்கனவே நாய் இருக்கா? இப்பவே எழுந்து போய் அந்த தடுப்பூசி புக்கைத் தேடுங்க. கடைசி ரேபீஸ் ஊசி தேதியை கமென்ட்ல போடுங்க. ஒரு வருஷம் தாண்டியிருந்தா திட்டமாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன்.