எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கினா காசு மிச்சமா? என்னோட 14 மாசக் கணக்கு

வீடியோவுல என் பின்னாடி ஷெல்ஃப்ல இருக்கிற காபி மெஷினைப் பார்த்துட்டு நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: "ப்ரோ, தினமும் கடையில 200 ரூபா கொடுத்துக் குடிக்கிறதுக்கு இது லாபம்தானே?"

நேரடியாவே சொல்லிடுறேன். எனக்கு லாபம் இல்லை. ஆனா மெஷினை விற்கவும் மாட்டேன். ரெண்டும் எப்படி ஒண்ணா உண்மையா இருக்க முடியும்னுதான் இந்தப் பதிவு.

வாங்குறதுக்கு முன்னாடி நானும் எக்செல்ல ஒரு கணக்கு போட்டேன். மெஷின் 32,000. கிரைண்டர் 11,000. டேம்பர், தராசு, பால் ஜக்னு சில்லறைச் சாமான் 4,500. மொத்தம் 47,500 ரூபா. கடையில ஒரு கேப்புச்சினோ 220, வீட்ல போட்டா 50. தினம் ஒரு கப்னா மாசம் 5,100 மிச்சம். பத்தே மாசத்துல போட்ட காசு திரும்பிடும். ரொம்ப அழகான கணக்கு. ஒரே ஒரு பொய்தான் அதுல இருந்தது: "தினம் ஒரு கப்".

மெஷின் வந்த பிறகுதான் யூபிஐ ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பார்த்தேன். அதுக்கு முந்தின மூணு மாசத்துல நான் காபி ஷாப்புக்குப் போனது 18 தடவை. மாசத்துக்கு 6, அதாவது 1,320 ரூபா. மத்த நாள்ல குடிச்சது வீட்டு ஃபில்டர் காபியும், ஆபீஸ்ல சும்மா கிடைக்கிற காபியும்தான். வீட்டு காபிக்கு மாசம் ஒரு 700 ரூபா ஆகியிருக்கும். ஆக மொத்தம் 2,020.

இப்போ என்ன ஆச்சு? வீட்ல மெஷின் இருக்கேன்னு காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. ஒரு டபுள் ஷாட்டுக்கு 18 கிராம் தூள் வேணும். 250 கிராம் பீன்ஸ் பாக்கெட் 500 ரூபா. புது பாக்கெட் திறந்தா அரைக்கிற பதம் சரியா வர்ற வரைக்கும் ஒண்ணு ரெண்டு ஷாட் சிங்க்லதான் போகும். பாக்கெட்டுக்கு 12 கப் தேறும். பால், கரண்ட் எல்லாம் சேர்த்தா கப் 52 ரூபா. மாசம் 60 கப்னா 3,120. சரி, காபி ஷாப் போறது நின்னுச்சான்னா, அதுவும் இல்லை. அங்க நாம காபிக்கு மட்டுமா போறோம்? ஃப்ரெண்ட்ஸைப் பார்க்கப் போறோம். மாசம் 3 தடவை, 660 ரூபா.

ஆக முன்னாடி 2,020, இப்போ 3,780. மெஷின் எனக்கு மிச்சம் பண்ணலை, மாசம் 1,760 ரூபா கூடுதலா செலவு பண்ண வெச்சிருக்கு. 220 ரூபா காபிக்குப் பதிலா இது வரலை. 15 ரூபா ஃபில்டர் காபிக்குப் பதிலா வந்திருக்கு. இதைத்தான் நான் கவனிக்காம விட்டேன்.

அடுத்தது மெயின்டனன்ஸ். இதை யாரும் அன்பாக்ஸிங் வீடியோவுல சொல்றதில்லை.

எஸ்பிரெஸ்ஸோன்னா 90 டிகிரிக்கு மேல சூடான தண்ணியை 9 பார் அழுத்தத்துல தூள் வழியா தள்ளுறது. அவ்வளவு சூட்டுல தண்ணியில இருக்கிற கால்சியம் உள்ளே வெள்ளையாப் படியும். நம்ம கீசர்ல, கெட்டில்ல படியுதே, அதே உப்புதான். நான் முதல் அஞ்சு மாசம் வேளச்சேரி வீட்டு போர் தண்ணியையே ஊத்தினேன். முதல்ல ஸ்டீம் குறைஞ்சது. அப்புறம் ஷாட் நின்ன பிறகும் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மெஷினைத் துணியில சுத்தி, மடியில வெச்சு ஆட்டோவுல சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனேன். "உப்பு படிஞ்சா வாரண்டி கிடையாது சார்"னாங்க. மேனுவல்லயும் அப்படித்தான் இருந்தது, நான்தான் படிக்கலை. 3,800 ரூபா.

இப்போ பண்றது இதுதான். டிடிஎஸ் குறைவான தண்ணி மட்டும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, மேனுவல்ல சொன்ன பவுடர் போட்டு டீஸ்கேலிங். பால் அடிச்ச உடனே ஸ்டீம் குழாயைத் துடைச்சு, ஒரு தடவை ஸ்டீமைத் திறந்து விடணும். விட்டா பால் காய்ஞ்சு அடைச்சிடும். காபி இறங்குற தலைப்பகுதியில இருக்கிற ரப்பர் கேஸ்கட் சூட்டுல இறுகிப் போகும், அதையும் அப்பப்ப மாத்தணும். பவுடர், கேன் தண்ணி, கேஸ்கட் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எனக்கு 3,000 கிட்ட ஆகுது. ரிப்பேர் தனி.

ஆனா என்னை உண்மையா உறுத்துற செலவு இது எதுவும் இல்லை.

மெஷினையும் கிரைண்டரையும் நான் 12 மாச நோ காஸ்ட் இஎம்ஐல வாங்கினேன். மாசம் 3,583. அந்த "நோ காஸ்ட்"லயும் காஸ்ட் இருக்கு. வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டிக்கான 18% ஜிஎஸ்டி நம்ம தலையிலதான் விழும். புராசஸிங் ஃபீ வேற. அது சின்னத் தொகைதான், விடுங்க. இஎம்ஐ கட்ட இடம் வேணும்னு நான் ஓடிக்கிட்டிருந்த 3,500 ரூபா ஆர்டியை நிறுத்தினேன். "ஒரு வருஷம்தானே"ன்னு நினைச்சேன். எட்டாவது மாசம் அம்மாவுக்குப் பல் ட்ரீட்மெண்ட், 18,000 ரூபா. ஆர்டி ஓடியிருந்தா அதுல 28,000 இருந்திருக்கும். இல்லாததால கிரெடிட் கார்டைத் தேய்ச்சேன். அம்மா போன்ல, "உனக்குக் கஷ்டம்னா அடுத்த மாசம் பார்த்துக்கலாம்பா"ன்னாங்க. அன்னைக்குக் காலையில போட்ட காபி எனக்கு இறங்கலை.

அதனால என் கருத்து இதுதான். எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்குறது தப்பே இல்லை. அதைச் "சேமிப்பு"ன்னு சொல்லி வாங்குறதுதான் தப்பு. சேமிப்புன்னு பேர் வெச்சா உண்மையான சேமிப்பை நிறுத்தக்கூட மனசு கூசாது. ஹாபின்னு பேர் வெச்சுப் பாருங்க, உடனே நிதானம் வரும்.

வாங்க ஆசைப்படுறவங்களுக்கு நாலு விஷயம்:

1. கடைசி மூணு மாச ஸ்டேட்மெண்ட்ல எத்தனை கப் வெளியே குடிச்சீங்கன்னு எண்ணுங்க. ஞாபகத்தை நம்பாதீங்க.

2. இஎம்ஐ தொகையை 12 மாசம் தனியா ஒரு ஆர்டில போடுங்க. அப்பவும் ஆசை இருந்தா ரொக்கமா வாங்குங்க. மத்த ஆர்டி, எஸ்ஐபி எதையும் தொடாதீங்க.

3. விலையில 10% வருஷா வருஷம் மெயின்டனன்ஸுக்குன்னு ஒதுக்குங்க. உங்க ஊர்ல சர்வீஸ் இருக்கா, உங்க வீட்டுத் தண்ணி என்னன்னு முதல்ல பாருங்க.

4. அதுவரைக்கும் ஒரு மோக்கா பாட் போதும். எஸ்பிரெஸ்ஸோ அளவுக்கு அழுத்தம் வராதுதான். ஆனா பால் சேர்த்துக் குடிச்சா திருப்தியா இருக்கும், மாத்த வேண்டியது வாஷர் மட்டும்தான்.

நான் ஏன் விற்கலை? பழசுக்குப் பாதி விலைதான் கேட்டாங்க. அதை விட, காலையில அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பிடிச்சிருக்கு. அந்தச் சந்தோஷத்துக்கு மாசம் 1,760 ரூபா கொடுக்கிறேன்னு தெரிஞ்சேதான் கொடுக்கிறேன். இப்போ ஆர்டியும் திரும்ப ஓடுது.

போன மாசம் கும்பகோணத்துல இருந்து அப்பா வந்திருந்தார். பெருமையா ஒரு ஷாட் போட்டுக் கொடுத்தேன். கப்புக்குள்ள எட்டிப் பார்த்துட்டு, "இத்தனூண்டா? இதுக்கா இவ்ளோ பெரிய மெஷின்?"னார். அப்புறம் அவரே கிச்சனுக்குப் போய் ஃபில்டரைத் தேடி எடுத்தார்.

உங்க வீட்ல இப்படி "காசு மிச்சம்"னு சொல்லி வாங்கின பொருள் என்ன? ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பேசுவோம்.