அரை மணி ஆடுவோர்க்கு ஏற்ற வேடம்

குத்தம்பாக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் சென்ற பருவத்தில் எம்மிடம் ஓர் ஐயம் வினவினார். இலக்கண ஐயம் அன்று. மாலையில் தந்தையாரின் கடையில் நின்று, பாடமும் படித்தபின் எஞ்சும் அரை மணியில், வேடமேற்று ஆடும் இணைய விளையாட்டுகளுள் எதனை ஆடலாம் என்பதே அது. நகைத்து விலக்க மனம் ஒப்பவில்லை. ஆடாதே எனின், எம்மைக் கேளாமல் ஆடுவார், அவ்வளவே.

வேடம் புனைதல் நம் தொண்டை நாட்டிற்குப் புதிதன்று. விடிய விடிய நிகழும் தெருக்கூத்தில் இடையே கண்ணயர்ந்தவரும் விழித்தெழுந்து, கட்டியங்காரனின் சொல்லைப் பற்றிக்கொண்டு கதையைத் தொடர்வர். உறங்கியதற்கு எவரும் தண்டம் விதிப்பதில்லை. இணைய விளையாட்டுக்கும் இதுவே உரைகல் என்போம். பத்து நாள் விலகி மீள்பவரை அது எவ்வாறு எதிர்கொள்கிறது?

2004-இல் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' ஓய்வுக்கே பரிசளிக்கிறது. பாத்திரத்தை விடுதியில் உறங்கவிட்டுச் சென்றவர், மீண்டு வந்து பகைவரை வெல்லுங்கால் சிறிது நேரம் இருமடங்கு அனுபவப் புள்ளி பெறுவார். எனினும் மாதச் சந்தா உண்டு. அரை மணி ஆடுவோர்க்கும் ஆறு மணி ஆடுவோர்க்கும் ஒரே தொகை. 2012-இல் வந்த 'கில்ட் வார்ஸ் 2' அச்சந்தா கேட்பதில்லை. அதன் உச்சப் படிநிலை அன்றும் 80, இன்றும் 80. ஆகவே ஓராண்டு கழித்து வருபவரும் பின்தங்கிவிடார். ஆனால் அதற்குக் கணினி வேண்டும். மாணவரிடமோ கைபேசி மட்டுமே.

கைபேசிக்கு இலவசமாய்க் கிடைப்பதாயிற்றே என்று பலர் நாடுவது, 2020-இல் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்'. அதில் 'ரெசின்' என்னும் ஆற்றல் எட்டு நிமிடத்திற்கு ஒன்றாக ஊறும். 2024-இல் அதன் உச்சம் 200 ஆக்கப்பட்டது. நிறைந்தபின் ஊற்று நிற்கும். கணக்கிட்டால் 26 மணி 40 நிமிடம்! அதற்குள் வந்து செலவிடாவிடில் ஏதோ இழந்தோம் என்று மனம் உறுத்தும். தேர்வு நாளிலும் உறுத்தும். புதிய வீரரைப் பெறுவதோ பெரும்பாலும் குலுக்கலால். அதற்குப் பணமும் வாங்குவர்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தமிழக அரசு 2025-இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்தது. அவ்வாண்டே நடுவணரசு அவற்றை முற்றாகத் தடுக்கும் சட்டம் இயற்றியது. பணத்திற்கு வேலியிட்டாயிற்று. உறக்கத்திற்கு யார் இடுவது?

முடிவில் யாம் சொன்னது 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்'. 2013-இல் தொடங்கி, 2018 முதல் கைபேசியிலும் ஆடப்படுவது; சந்தா இன்றியும் ஒரு பகுதியை ஆடலாம். படி ஏறுவது மிக மெதுவே. ஆயின் ஏறிய படி இறங்காது. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம் என்றதும் மாணவர் முகம் சற்றே வாடியது. போர் வேண்டுமாம்.

போரும் அதில் உண்டு என்றோம்.