பாட்டுக்கும் பட்டா வேண்டும்

உழைப்பவர் ஒருவர், உரிமைக்காரர் இன்னொருவர் என்ற ஏற்பாடு வயலில் மட்டும் இல்லை, பாட்டிலும் உண்டு. ப்ளூஸ், ஜாஸ், ராப் எல்லாம் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தந்த இசை. பாடியவரின் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. பாட்டின் உரிமையோ பெரும்பாலும் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டோடு மல்லுக்கு நின்ற ஓர் இளைஞரைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. அவர் நிப்சி ஹஸ்ஸல், 33 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் பாடகர்.

இயற்பெயர் எர்மியாஸ் அஸ்கெடோம். 1985 ஆகஸ்ட் 15 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆப்பிரிக்காவின் எரித்ரியா நாட்டிலிருந்து வந்தவர், தாய் கறுப்பின அமெரிக்கர். நகரின் தென்பகுதியில் உள்ள கிரென்ஷா வட்டாரத்தில் வளர்ந்தார்.

அந்த வட்டாரத்தின் கதை தெரியாமல் அவர் கதை புரியாது. லாஸ் ஏஞ்சல்ஸின் பல தெருக்களில் ஒரு காலத்தில் கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதியிருந்தார்கள்: வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த மனையை விற்கக் கூடாது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே 1948-இல்தான். அதற்கு முன்பே, 1930-களில், அரசு நிறுவனம் வரைந்த வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் பூசப்பட்டது. சிவப்பு என்றால் வங்கிக் கடன் கிடைப்பது அரிது. சொந்த வீடு இல்லாதவருக்குப் பிள்ளைகளிடம் விட்டுச் செல்லச் சொத்தும் இல்லை. வறுமை தானாக வரவில்லை, பத்திரம் எழுதி வரவழைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட இடத்தில் 11 வயதில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பள்ளிக்கூடத் துணிக்குக் காசு சேர்த்த பையன் அவர். படிப்பைப் பாதியில் விட்டார். தெருவை ஆண்டுகொண்டிருந்த ஒரு கும்பலில் சேர்ந்தார். பிற்காலத்திலும் அதை அவர் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டாம். அந்தக் கும்பல்களின் சண்டையில் செத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளே.

2004-இல் தந்தையோடு எரித்ரியா சென்று மூன்று மாதம் தங்கினார். அங்கே கடைக்காரர், அதிகாரி, நாட்டை ஆள்பவர் எல்லோரும் தன் நிறத்தவர்களாக இருப்பதைப் பார்த்தார். தன் மக்கள் எதையும் சொந்தமாக நடத்த முடியும் என்ற எண்ணத்தை அந்தப் பயணம் தந்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்.

இசைத் தொழிலில் வழக்கம் இதுதான்: கம்பெனி முன்பணம் கொடுக்கும். பாட்டு விற்றதும் பாடகரின் பங்கிலிருந்தே அந்த முன்பணத்தைக் கழித்துக்கொள்ளும். கடன் அடைந்த பிறகும் ஒலிப்பதிவின் உரிமை கம்பெனியிடமே இருக்கும். முன்பணம் என்ற சொல்லின் எடையை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நிப்சியும் முதலில் எபிக் என்ற பெரிய கம்பெனியில் இருந்தார். 2010-இல் வெளியே வந்து சொந்த நிறுவனம் நடத்தினார். 2013-இல் ‘கிரென்ஷா’ என்ற பாட்டுத் தொகுப்பை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். கூடவே 1,000 குறுந்தகடுகளை மட்டும் ஒன்று 100 டாலர் என்று விற்பனைக்கு வைத்தார். சிரித்தவர்கள் பலர். ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன. புகழ்பெற்ற ராப் பாடகர் ஜே-ஸீ மட்டும் 100 தகடுகள் வாங்கினார். 2018-இல் ‘விக்டரி லேப்’ ஆல்பத்துக்கு அட்லாண்டிக் கம்பெனியோடு கைகோத்தபோது கூலிக்காரராகப் போகவில்லை, பங்காளியாகப் போனார். அந்த ஆல்பம் கிராமி விருதுப் பட்டியலில் இடம்பெற்றது.

பாட்டில் வந்த காசு மண்ணுக்குப் போனது. ஸ்லாசன், கிரென்ஷா சாலைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு கடை வளாகம் உண்டு. அதன் வாகன நிறுத்தத்தில்தான் இளவயதில் அண்ணனோடு நின்று தன் பாட்டு சிடிக்களை விற்றார். போலீஸ் அங்கே வந்து விரட்டியதும் உண்டு. 2017-இல் அதே வளாகத்தில் ‘மாரத்தான்’ துணிக்கடை திறந்தார். 2019 தொடக்கத்தில் கூட்டாளியோடு சேர்ந்து வளாகத்தையே வாங்கினார். அந்த வட்டாரத்து இளைஞர்கள் தொழில் தொடங்கவும் அறிவியல் படிக்கவும் ஒரு மையம் திறக்கத் துணைநின்றார். பக்கத்துத் தொடக்கப்பள்ளியின் கூடைப்பந்துத் திடலைப் புதுப்பிக்க உதவினார்.

2019 மார்ச் 31 அன்று தன் கடை வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் அவருக்குத் தெரிந்தவர், அதே வட்டாரத்தில் வளர்ந்த கறுப்பினத்தவர். மறுநாள் கும்பல் வன்முறையைக் குறைப்பது பற்றிக் காவல்துறை அதிகாரிகளோடு அவர் பேசுவதாக இருந்தது. சாவுக்குப் பிறகு, எதிரெதிர்க் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக நடந்து வந்து அஞ்சலி செலுத்தினார்கள்.

ஒருவர் முதலாளி ஆனால் சமூகம் விடுதலை ஆகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பத்திரம் எழுதியும் வரைபடம் வரைந்தும் பறிக்கப்பட்ட நிலத்தையும் கடனையும் ஒரு பாடகரின் வருமானம் திருப்பித் தந்துவிடாது. அதைச் சட்டமும் அரசும்தான் தர வேண்டும். அதற்குப் போராட்டம் வேண்டும். ஆனால் போராடும் மக்களுக்கு முதலில் ஒன்று தெளிவாக வேண்டும்: தன் உழைப்பில் விளைந்தது தன் பெயரில் இருக்க வேண்டும் என்பது பேராசை இல்லை, உரிமை. அந்தத் தெளிவைத் தன் தெருப் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே காட்டியவர் நிப்சி. கும்பலில் சேர்ந்ததை நாம் கொண்டாட மாட்டோம். இந்தப் பாடத்தை விடவும் மாட்டோம்.

இன்று கைபேசியில் பாட்டுப் பதிவேற்றும் மாணவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். தம்பிகளே, தங்கைகளே, நாளை யாராவது ஓர் ஒப்பந்தத்தை நீட்டினால் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒலிப்பதிவு யார் பெயரில் இருக்கும், எத்தனை வருடத்துக்கு, வரவு செலவுக் கணக்கை எப்போது காட்டுவீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். அதன் பிறகு பேனாவை எடுங்கள்.