பங்குதாரருக்குக் கோர்ட் இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டவருக்கு?



"பங்குதாரர் உரிமைன்னாலே ஏன் இவ்வளவு கிண்டல்? கிவிசேவர்ல நாம எல்லாருமே பங்குதாரர்தானே? டைரக்டர் பொய் சொன்னா கேஸ் போடற உரிமை நமக்கும் நல்லதுதானே?" என்று சாண்ட்ரிங்ஹாம் தோழர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. பதிலுக்கு ரான்பாக்ஸி கதையை எடுத்துக்கொள்கிறேன்.

2004இல் அந்த மருந்துக் கம்பெனிக்குள்ளேயே ஓர் அறிக்கை தயாரானது. தகவல்களைத் திரட்டியவர் தினேஷ் தாக்கூர் என்ற ஊழியர். செய்யாத சோதனைக்கு முடிவு எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். ஒரு மருந்து கெடாமல் எத்தனை நாள் தாங்கும் என்று அறிய 3ஆம் மாதம், 6ஆம் மாதம், 9ஆம் மாதம் என்று இடைவெளி விட்டுச் சோதிக்க வேண்டும். இவர்கள் பல மாதச் சோதனைகளை ஒரே நாளிலோ ஓரிரு நாளிலோ முடித்துவிட்டு, தேதியை மட்டும் மாற்றிப் போட்டார்கள். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் போன மருந்துகளும் இந்த மோசடியில் அடக்கம். அறிக்கை இயக்குநர்கள் முன் வைக்கப்பட்டது. மருந்து திரும்பப் பெறப்படவில்லை. தாக்கூர்தான் 2005இல் வேலையை விட்டு வெளியே வந்தார்.

2008 ஜூன். மால்விந்தர் சிங், ஷிவிந்தர் சிங் சகோதரர்களும் குடும்பமும் தங்கள் பங்கை ஜப்பானின் தாய்ச்சி சாங்கியோவுக்குச் சுமார் 10,000 கோடி ரூபாய்க்கு விற்கிறார்கள். செப்டம்பரில் பாவோண்டா சாகிப், தேவாஸ் ஆலைகளிலிருந்து வரும் 30க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு அமெரிக்கா தடை போடுகிறது. வாங்கினவன் தலையில் துண்டு!

இதற்குப் பிறகுதான் நீதிச் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது, அதுவும் எவ்வளவு வேகமாக! சிங்கப்பூரில் நடுவர் மன்றம். 2016இல் தாய்ச்சிக்கு 2,562 கோடி ரூபாயும் வட்டியும் கொடு என்று தீர்ப்பு. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே வருஷம் தம்பி அண்ணன் மேலேயே கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு போட்டார். 2019இல் உச்ச நீதிமன்றம் சகோதரர்கள் நீதிமன்ற அவமதிப்புச் செய்ததாகச் சொன்னது. 2022இல் ஆறு மாதச் சிறை.

எதற்குச் சிறை? பங்குகளைக் கைமாற்றாதே என்ற உத்தரவை மீறியதற்கு. எதற்கு அந்த 2,562 கோடி? அறிக்கையை மறைத்து பங்கை விற்றதற்கு. அதே அறிக்கையை மறைத்து மாத்திரையை விற்றதற்கு? 2013இல் அமெரிக்காவில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. அங்கே ஓர் அதிகாரி மேலும் குற்றவழக்கு வரவில்லை. கட்டிய பணம் அரசாங்கங்களுக்குப் போனது, ஒரு பங்கு தாக்கூருக்கும். மாத்திரையை விழுங்கினவர் இந்தக் கணக்கு எதிலும் வரவில்லை.

"பாத்தீங்களா, இந்தியா மருந்தே இப்படித்தான்" என்று சிரிக்கும் வெள்ளைக்காரப் பெருங்கம்பெனிகளுக்கு நாம் பாய் விரிக்கப் போவதில்லை. 2001இல் எய்ட்ஸ் கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்னது சிப்லாதான். அதற்கு முன் அந்த மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். மலிவு மருந்து வேண்டும். அதைச் சோதிப்பவர் முதலாளியின் கைப்பிடியில் இருக்கக் கூடாது.

இனி கிவிசேவர். நம்ம பணம் ஏதோ ஒரு நிதியில் கிடக்கிறது, ஓட்டுப் போடுகிறவர் நிதி மேலாளர். மவுண்ட் ராஸ்கில் மருந்துக்கடையில் 5 டாலர் கொடுத்து பிரஷர் மாத்திரை வாங்கும் அம்மாவுக்கு அந்த ஓட்டும் கிடையாது. பல மருந்துகளுக்கு பார்மாக் டெண்டர் விட்டு ஒரே சப்ளையரைத்தான் வைத்திருக்கிறது. விலை குறைய அது நல்ல வழிதான், நான் ஆதரிக்கிறேன். ஆனால் பிராண்டைத் தேர்ந்தெடுப்பது அவர் கையில் இல்லை. பங்கு பிடிக்கலேன்னா வித்துட்டுப் போயிடலாம். விழுங்கின மாத்திரையை யார்கிட்ட விக்கறது?

இந்த நாட்டுச் சட்டமும் பெரிதாக மாறிவிடவில்லை. லாபத்தைத் தவிர வேறு விஷயங்களையும் இயக்குநர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள'லாம்' என்று 2023இல் ஒரு திருத்தம் வந்தது. 'வேண்டும்' என்று அல்ல. அதே வருஷம் மெயின்சீல் வழக்கில் இயக்குநர்கள் கிட்டத்தட்ட 4 கோடி டாலரும் வட்டியும் கட்ட வேண்டும் என்று இங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆக்லாந்தில் அந்தக் கட்டுமானக் கம்பெனி கவிழ்ந்தது 2013இல். பத்து வருஷம் காத்திருந்தவர்களில் பலர் சின்ன சப்-கான்ட்ராக்டர்கள்.

ஆகவே தோழரே, வழக்குப் போடும் உரிமையை நான் எதிர்க்கவில்லை. அதை ஏன் பங்கு வைத்திருப்பவரோடு நிறுத்த வேண்டும் என்பதே என் கேள்வி. ஆலை ஆய்வு அறிக்கைகள் பொதுவில் வரட்டும். உள்ளிருந்து சொல்லும் ஊழியருக்கு வேலைப் பாதுகாப்பு இருக்கட்டும். நோயாளி சங்கங்கள் வழக்குத் தொடுக்கட்டும்.

தாக்கூரும் சும்மா இருக்கவில்லை. மருந்துக் கண்காணிப்பைச் சீர்திருத்தக் கோரி 2016இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் பொதுநல மனுவோடு போனார். தாய்ச்சிக்கு நடுவர் தீர்ப்பு வந்த அதே வருஷம். நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது.