சத்திரமும் ரியோக்கானும்

சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்தவர்கள், அம்மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் சிலர் வசந்தத்தைத் தேடி ஜப்பானுக்குப் புறப்படத் திட்டமிடுவதில் வியப்பில்லை. ஐந்தாறு நாள் விடுமுறை, செர்ரி மலர்கள், இரண்டு இரவாவது 'ரியோக்கான்' எனப்படும் மரபுவழி விடுதியில் தங்கல். இந்த மூன்றாவது ஆசைதான் என்னை யோசிக்க வைத்தது.

ரியோக்கானில் என்ன இருக்கிறது? தரை முழுவதும் கோரைப்பாய். மாலையில் பணியாளர் வந்து விரிக்கும் மெத்தை. குறித்த நேரத்தில் உணவு, வெந்நீர்க் குளியல். யமநாஷி மலைப்பகுதியிலுள்ள கெய்யுன்கான் விடுதி கி.பி. 705இல் தொடங்கியது என்பர். காஞ்சியில் இராசசிம்மன் கைலாசநாதர் கோயில் எழுப்பிய காலத்தை ஒட்டியது. உலகின் மிகப் பழைய விடுதி என்று 2011இல் கின்னஸ் அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் அங்கே அறை கிடைக்கும்.

நம்மிடம் சத்திரங்கள் இருந்தன. இராமேசுவர யாத்திரைப் பாதையில் தஞ்சை மராட்டியர் வரிசையாக எழுப்பியவை அவை. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் 1802இல் சரபோஜி கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். வழிப்போக்கருக்குச் சோறு, சமைத்ததை ஏற்காதவருக்கு அரிசி, நோயுற்றோருக்கு மருந்து, கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பு, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எதற்கும் காசு கிடையாது.

காசு கிடையாது என்பதே அவற்றின் பெருமை. அவை அழிந்ததற்கும் அதுவே காரணம் என்பேன். ரியோக்கான் விருந்தினரின் பணத்தில் வாழ்ந்தது; சத்திரம் மானிய நிலத்தின் விளைச்சலில் வாழ்ந்தது. 1855இல் தஞ்சை அரசு மறைந்தபின் நிலமும் வருவாயும் ஆங்கில நிர்வாகத்தின் கைக்குப் போயின. ரயில் வந்தது; 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் நடந்து போகும் யாத்திரிகர் குறைந்தனர். கேட்பாரற்ற கட்டடத்தை எவர் காப்பார்? ஒட்டன்சத்திரம், திருச்சியின் சத்திரம் பேருந்து நிலையம் என ஊர்ப்பெயர்களில் அச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றபடி சத்திரம் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கல்யாண மண்டபந்தான்.

இதை வெறும் ஏக்கமாகச் சொல்லவில்லை. எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு என்று சரபோஜியின் கடிதம் கூறினாலும், பல சத்திரங்களில் பந்தி சாதி பார்த்தே பிரிந்திருந்தது. கட்டணம் வாங்கும் விடுதியில் அந்தக் கேள்வி எழாமல் இருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சியுள்ள சத்திரக் கட்டடங்கள் சிலவற்றையாவது செப்பனிட்டு, பாய் விரித்து, வாழையிலையில் சோறு போட்டு, நியாயமான வாடகைக்குத் தந்தால் என்ன குறைந்துவிடும்? விருந்தோம்பலை விற்பதா என்று முகம் சுளிப்போர் ஜப்பானில் ஓர் இரவுக்கு, ஒருவருக்கு, இரண்டு வேளை உணவு உட்பட 15,000 யென்னுக்கு மேல் கொடுத்து மகிழ்ச்சியோடு திரும்புகிறார்களே!

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ரியோக்கானை விடச் சத்திரத்துக்கு நெருங்கியது 'ஷுக்குபோ', கோயில் விடுதி. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலும், பின் மலையேறும் இழுவை ரயிலும் பிடித்தால் கோயாசான் வந்துவிடும். 9ஆம் நூற்றாண்டில் கூக்காய் துறவி நிறுவிய தலம். அவருடைய குருபரம்பரை, பல்லவ நாட்டோடு தொடர்புடைய வச்சிரபோதி வரை போகிறது. ஏறத்தாழ ஐம்பது கோயில்களில் தங்க இடமுண்டு. ரியோக்கான் குழம்பில் மீன்சாறு கலந்திருக்கும். சைவர் பாடு திண்டாட்டம். கோயாசானில் வெங்காயம், பூண்டுகூட இல்லாத துறவியர் உணவு. 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே செர்ரி பூப்பதும் தாமதம். தோக்கியோவில் பூ உதிர்ந்த பிறகும், ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டிப் பார்க்கலாம். அம்மாத இறுதியில் அவர்களுக்குத் தொடர் விடுமுறை தொடங்குகிறது, அதற்குள் திரும்பிவிடுங்கள். மாலை உணவு ஐந்தரைக்கே வந்துவிடும். காலை வழிபாடு ஆறு மணியளவில். அதைத் தவறவிட வேண்டாம்.