சிரித்தால் சுருதி கெடாது

பாட்டு வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டாலே முகம் சுளிக்கும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் கர்நாடக இசைப் பாடமுறை இன்றும் நமக்கு அடித்தளம். அதில் குறையே இல்லை. ஆனால் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, மூன்று காலம், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை என்று மாதக்கணக்கில் போனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அலுக்கத்தானே செய்யும்? ஒரு வகுப்பில் பார்த்தேன். கண்ட நடையின் ஐந்து அட்சரத்தை ‘தக தகிட’ என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியை, அதே கணக்கில் ‘இட்லி உப்புமா’ என்று ஓட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போட்ட தாளம் மட்டும் நிற்கவில்லை. உப்புமாவை அவசரமாக விழுங்கிய பையனிடம், “கண்ணா, ‘மா’வுக்கும் ஒரு இடம் விடுப்பா” என்றார். அடுத்த சுற்றில் சரியாக வந்து விழுந்தது. சிரிப்போடு வந்தாலும் அது கறாரான தாளப் பாடம். சுருதி விலகிய குழந்தையை எல்லார் முன்னும் கேலி செய்வது வேறு. அதை நகைச்சுவை என்று சொல்லவே கூடாது. இசைப் பள்ளிகள் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கச்சேரி அனுபவத்தை விசாரிக்கின்றன. இந்த வேறுபாடு தெரிந்தவர்தானா என்று அறிய, குழந்தைகளோடு பத்து நிமிடம் உட்காரவைத்தும் பார்க்கட்டும்.