'நாளைப் போவேன்' என்று இனி சொல்ல மாட்டோம்

எங்கள் மாலைநேரப் பள்ளிப் பிள்ளைகளைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப்போய், ஒரு இரவு கூடாரம் போட்டுத் தங்கவைக்கப் போகிறோம். "சோத்துக்கே திண்டாடுற தெருவுல இருந்து சுற்றுலாவா?" என்று தோழர்கள் சிலரே கேட்டார்கள். ஆமாம் தோழர்களே, சுற்றுலாதான். விறகுக்கும் நண்டுக்கும் கூலிக்கும் கடலோரம் போனவர்கள் நம் மக்கள். சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்க யாரும் நம்மை அனுப்பியதில்லை.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இந்த அலையாத்திக் காட்டு மரங்களில் ஒன்று. அந்தத் தில்லையைப் பார்க்க ஆசைப்பட்ட நந்தனுக்கு வரலாறு வைத்த பெயர் திருநாளைப்போவார். ஒரு மனிதன் தன் பயணத்தை நாளை, நாளை என்று தள்ளிப்போட்டான். அதைப் பக்தி என்று எழுதினார்கள். தடுத்தது எது என்று கேட்கவில்லை. கடைசியில் தீக்குள் இறங்கிய பிறகுதான் கோயில் திறந்தது என்கிறது பெரியபுராணம்.

அண்ணல் அம்பேத்கரும் 1934இல் தோழர்களோடு சுற்றுலா போனார். தௌலதாபாத் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் முகம் கைகால் கழுவியதற்கே, குளத்தைத் தீட்டாக்கிவிட்டதாகக் கூட்டம் கூடியது. உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதக் காவலோடுதான் கோட்டையைச் சுற்றவிட்டார்கள்.

அது பழைய கதை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். கூடாரம் போட இடம் கேட்டு ஒருவரிடம் பேசினோம். எத்தனை பேர் என்றார், எந்த வண்டி என்றார். மூன்றாவதாக, "எந்தத் தெருப் பிள்ளைங்க தம்பி?" என்றார். சொன்னோம். அந்தத் தேதியில் இடமில்லை என்றார். நாங்கள் அதுவரை தேதியே சொல்லவில்லை.

பிறகு வேறு இடம் பார்த்துவிட்டோம். திட்டம் இதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது கூடாரம் நிற்காது. பொங்கலை ஒட்டிச் சம்பா அறுவடை, பெற்றோருக்கு ஒரு நாள் கூலியும் போகக் கூடாது. ஆகவே பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை. அப்போது வலசைப் பறவைகளையும் பார்க்கலாம். காட்டுக்குள் சேறும் வேரும்தான்; ஓதம் ஏறினால் தண்ணீர். எனவே தங்குவது கரை மேட்டில். காட்டருகே நெருப்பு மூட்ட மாட்டோம். கொண்டுபோன குப்பை எங்களோடு திரும்பும். பெண்பிள்ளைகளுக்குப் பூட்டக்கூடிய கழிப்பறை இல்லாத இடத்தில் தங்க மாட்டோம். இரண்டு தாய்மார்கள் உடன் வருகிறார்கள்.

தண்ணீர் கேனைக் கையோடு எடுத்துப்போவோம் என்றார் ஒருவர். வெயிலுக்கு என்றால் எடுப்போம். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பயத்துக்கு எடுக்க மாட்டோம். பொதுக்குழாயில் எல்லோரையும்போல் வரிசையில் நின்று குடிப்போம்.

நமக்கும் ஒரு கேள்வி உண்டு. அந்தக் காடு இருளர் மக்களின் வாழ்விடம். சேற்றில் இறங்கி வெறுங்கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் அவர்கள். 2004 சுனாமியில் பின்னால் இருந்த ஊர்களைக் காத்த அலையாத்தியை மீட்டு வளர்த்ததில் அவர்கள் உழைப்பும் உண்டு. 2022இல் பிச்சாவரத்துக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. 2006 வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளில் மீன்பிடிக்கும் உரிமையையும் காடு சார்ந்து வாழும் மக்களுக்கு ஏற்கிறது. சட்டத்தில் இருப்பது கையில் கிடைக்க, சாதிச் சான்றிதழுக்கே இருளர்கள் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். நம் பிள்ளைகள் அங்கே போய் இன்னொரு ஒடுக்கப்பட்ட வீட்டை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினால், நம்மை வேடிக்கை பார்த்தவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? ஆகவே காட்டைச் சொல்லித்தரப்போவது ஓர் இருளர் அண்ணன். அவருக்கு முழு நாள் கூலி முன்கூட்டியே ஒதுக்கியாகிவிட்டது. இரவில் அவர் பேசுவார், நாங்கள் கேட்போம்.

போர்வை, டார்ச் விளக்கு, கொசுவலை தர முடிந்தவர்கள் தாருங்கள். ஒரு பிள்ளையின் பேருந்துக் கட்டணத்தை ஏற்றாலும் போதும்.

நந்தனைத் தடுத்தவர்கள் அவனை நாளை வரை காக்கவைத்தார்கள். எங்கள் பிள்ளைகளின் கையில் தேதி இருக்கிறது.

ஜெய்பீம்.